ஆத்தைப் பார்க்கணும்

எனக்கு ஊர் காட்டும் பழக்கம் உண்டு. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். வகுப்பு போனபின் பேச ஆள் வேண்டியிருந்தது. முடிச்சூரில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து நாலைந்து குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு வேன் பிடித்துப் போவோம். மாமல்லபுரம், காஞ்சிபுரம், ஒருமுறை செஞ்சி. நான் முன் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவேன். குடியிருப்பில் என்னை ‘கைடு சார்’ என்பார்கள். கேலிதான். எனக்குப் பிடித்திருந்தது.

நான் கிறிஸ்தவன். கோயில்களில் தூணையும் கல்வெட்டையும் காட்டுவேன். கருவறைப் பக்கம் அவர்கள் போய்விட்டு வரும்வரை வெளியே நிற்பேன். நான் நிற்கும் இடத்தில் எனக்குத் துணையாகச் சில நேரம் எதிர்வீட்டு மாமி இருப்பார். முழங்கால் வலியால் படி ஏற மாட்டார். மகனும் மருமகளும் சோழிங்கநல்லூர் பக்கம் ஐ.டி. வேலைக்குப் போகிறவர்கள். பகல் முழுவதும் மாமி தனியாக இருப்பார். பிறந்து வளர்ந்தது ஸ்ரீரங்கம். என் மனைவியும் அவரும் மதியத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு வாசலில் நாற்காலி போட்டுக் காய் நறுக்குவார்கள்.

சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை திருநீர்மலைக்குப் போனோம். எங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். மற்றவர்கள் மலை ஏறிவிட்டார்கள். மாமி கீழ்க்கோயிலில் நின்ற பெருமாளைச் சேவித்துவிட்டுக் குளத்தங்கரையில் வந்து உட்கார்ந்தார். நான் வழக்கம்போல் பேசினேன். ஒரு காலத்தில் இந்த மலையைச் சுற்றித் தண்ணீர் நின்றதையும், தரிசனத்துக்கு வந்த ஆழ்வார் அது வடியும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தார் என்று தல புராணம் சொல்வதையும் சொன்னேன். மாமிக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“ஸ்ரீரங்கத்துல ஒரு தடவை ஆத்தைப் பாக்கணும் சார். இனிமே இருக்காதுன்னு சொல்றா.”

அந்தச் சொல்லைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மாமியின் வீட்டுப் பேச்சில் வீட்டுக்கு ‘ஆம்’ என்று பெயர். அகம் என்பதன் தேய்வு. ஆத்துக்குப் போறேன் என்றால் வீட்டுக்குப் போகிறேன். எங்கள் பேச்சில் ஆத்துக்குப் போகிறேன் என்றால் ஆற்றுக்குப் போகிறேன். சென்னையில் இது தெரியாதவர் கிடையாது. எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவே முடியாது.

ஆனால் அன்று நான் ஆற்றைத்தான் கேட்டேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. சென்னையை மூழ்கடித்த அந்தப் பெருவெள்ளத்தில் அடையாறு எங்கள் கீழ்த்தளத்துக்குள் வந்து போனதிலிருந்து, முடிச்சூரில் மழை பிடித்தால் ஆண்கள் குடையை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போய்த் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து வருவோம். “ஆத்தைப் பாத்துட்டு வரேன்” என்பது எங்கள் குடியிருப்பில் பத்திரிகை வாங்கிவிட்டு வருகிறேன் என்பது போல ஒரு வழக்கம். அதுபோக நான் அப்போது தண்ணீரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். இனிமேல் இருக்காது என்று அவர் சொன்னதும், மணல் அள்ளப்பட்ட காவிரி என் கண்ணில் வந்து நின்றது. அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. சொன்னேன். கடைசியில், “இப்பப் போனா ஒண்ணும் இருக்காது மாமி. தண்ணி வரட்டும். நானே கூட்டிட்டுப் போறேன்” என்றேன்.

“தண்ணி எதுக்கு சார்?” என்றார் மாமி.

“தண்ணி இல்லாம போய் என்ன பண்ணப் போறீங்க?” என்று சிரித்தேன். மாமியும் பணிவாகச் சிரித்தார். கோடையில் அங்கே குடிதண்ணீர்க் கஷ்டம், வெயில், அதனால்தான் சார் தள்ளிப் போடுகிறார் என்று அவர் நினைத்திருக்கிறார். இது பின்னால் தெரிந்தது.

அவர் பார்க்க விரும்பியது தான் பிறந்த வீட்டை. சித்திரை வீதியில் இருந்தது அந்த வீடு. தாயார் காலமானபின் அண்ணன் தம்பிகள் சண்டை போட்டு விற்றுவிட்டார்கள். மாமிக்கு அதில் சம்மதமில்லை. விற்ற வீட்டைக் கண்ணால் பார்க்க மாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னவர், அதன்பின் ரங்கநாதரைச் சேவிக்கப் போனபோதெல்லாம் அந்த வீதியைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். சித்திரையில் உறவுக்காரப் பெண் ஒருத்தி தொலைபேசியில், வாங்கியவர்கள் அதை இடித்துவிட்டு லாட்ஜ் கட்டப் போகிறார்கள் என்று சொன்னாள். வீம்பை விட்டுவிட்டு மாமி என்னிடம் கேட்டார். மகனிடம் கேட்கவில்லை. பழைய சண்டையைக் கிளறுவதாக மகன் நினைப்பானோ என்ற தயக்கம். இதெல்லாம் என் மனைவிக்கு அப்போதே தெரிந்திருந்தது. எனக்குத் தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வைகாசியில் லிஃப்டில் மாமியைப் பார்த்தேன். எப்போது சார் என்று கேட்டார். நான் நாள்தோறும் பத்திரிகையில் மேட்டூர் நீர்மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். “இன்னும் திறக்கல மாமி” என்றேன்.

“திறக்காட்டாலும் பரவாயில்லை சார். வெளியில நின்னு பாத்துட்டு வந்துடறேன்.”

கரையில் நின்று என்று நான் எடுத்துக்கொண்டேன். பூட்டிக் கிடக்கும் வீட்டின் வாசலில் நின்று என்று அவர் சொன்னார். லிஃப்ட் எங்கள் தளத்தில் நின்றது. நான் மறுபடியும், கொஞ்சம் பொறுங்கள், முழுசாகப் பார்க்கலாம் என்றேன். அவர் தலையாட்டினார். கைடு சார் சொன்னால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்கிற தலையாட்டல்.

ஒன்றை நான் யோசித்திருக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர்கள் ஆற்றை ஆறு என்று சொல்ல மாட்டார்கள். காவேரி என்பார்கள், இல்லாவிட்டால் கொள்ளிடம் என்பார்கள். இதை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு நெருக்கம் என்று அழகாகச் சொல்லியிருக்கிறேன். மாமி ஒரு தடவைகூடக் காவேரி என்று சொல்லவில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. என் காது என்னுடைய அடுத்த வாக்கியத்துக்காகத்தான் எப்போதும் காத்திருக்கும். என் மனைவி இதைக் கல்யாணமான புதிதில் இருந்தே சொல்லி வருகிறாள்.

மேட்டூர் அணையைத் திறந்தார்கள். உடனே போகவில்லை. ஆடிப் பெருக்குக் கூட்டம் முடியட்டும் என்று அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையாகப் பார்த்தேன். திருச்சியில் என்னென்ன பார்ப்பது என்று நானே வரிசை போட்டேன். முதலில் அம்மா மண்டபம் படித்துறை. பிறகு மலைக்கோட்டை. சாப்பாடு. பிறகு கல்லணை. மாலையில் ஸ்ரீரங்கம் பெரிய கோயில். ஆற்றை முதலில் வைத்தது மாமிக்காக. கல்லணை எனக்காக. கல்லணையைப் பற்றி ஒரு வாரமாகப் படித்து வைத்திருந்தேன்.

விடிவதற்குள் புறப்பட்டோம். பொழிச்சலூர்க்காரத் தம்பிதான் எப்போதும் எங்களுக்கு வேன் ஓட்டுபவர். மாமி பட்டுப்புடவை கட்டியிருந்தார். கோயிலுக்குப் போகிறவர் என்று நினைத்தேன். விக்கிரவாண்டி தாண்டியதிலிருந்து அவர் அதிகம் பேசவில்லை, சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

படித்துறையில் இறங்கினோம். தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஏதோ நான் திறந்துவிட்டது போல. டிரைவர் தம்பி வேனில் சாய்ந்துகொண்டு என்னிடம், “இன்னா சார், இத்தப் பாக்கவா இம்மாம் நாள் வெயிட் பண்ணீங்க? மழ வந்தா நம்ம வூட்டாண்டயே ஓடிகினு கீதே, ஓசில காட்றேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமி அதற்குள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படிகளில் இறங்கியிருந்தார்.

நான் பின்னால் போய்ப் பேச ஆரம்பித்தேன். மாமி குனிந்து தண்ணீரை எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டார். கும்பிட்டார். நான் முடிக்கும்வரை நின்றார். முடித்ததும் என் மனைவி பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார். “சரி, ஆத்துக்கு எப்போ போறோம்?”

என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குளக்கரை, லிஃப்ட், திறக்காட்டாலும் பரவாயில்லை என்றது, பட்டுப்புடவை. காதுக்குள் வெந்நீர் ஊற்றியது போல இருந்தது.

அங்கிருந்து சித்திரை வீதிக்கு வேனில் ஐந்து நிமிடம்கூட ஆகாது. அப்போதே போயிருக்கலாம். போகவில்லை. போவதென்றால், ஏன் வரிசையை மாற்றுகிறோம் என்று வேனில் இருக்கும் அத்தனை பேரிடமும் சொல்ல வேண்டும். பொறுமையாக நாலு மாதம் காத்திருந்து ஒரு கிழவியைத் தவறான இடத்துக்குக் கூட்டி வந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். கல்லணையும் இருந்தது. நான் சொன்னது இதுதான்: “சாயந்தரம் மாமி. கடைசியா, நிதானமா பாக்கலாம்.”

“அதுவும் சரிதான்,” என்றார் மாமி. “அவசர அவசரமாப் பாக்கப்படாது.”

மலைக்கோட்டையில் மாமி கீழேயே உட்கார்ந்துவிட்டார். கல்லணையில் நான் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்றுதான் சொல்ல வேண்டும். வாய் பழக்கத்தில் ஓடியது. மாமி கூட்டத்தோடு நின்று கேட்டார். வேனில் திரும்பும்போது அவருக்குத் திடீரென்று பேச்சு வந்துவிட்டது. வாசல் நிலை எவ்வளவு தாழ்வு என்றார். உயரமான சித்தப்பா ஒவ்வொரு தடவையும் இடித்துக்கொண்டு வையாமல் உள்ளே நுழைந்ததே இல்லை என்றார். கூடத்தில் பட்டப் பகலிலும் விளக்குப் போட வேண்டும், அவ்வளவு இருட்டு என்றார். அவர் சிறுமியாக இருந்தபோது ராஜகோபுரம் மொட்டையாக நின்றதாம். மொட்டை மாடியில் ஏறி நின்றால் மொட்டைக் கோபுரம் தெரியும் என்று சொல்லி அவரே சிரித்தார். பின்னால் இருந்த பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் முன்னால் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீதியில் நுழைந்ததும் மாமி வழி சொன்னார். மெதுவாப் போங்கோ, இன்னும் கொஞ்சம், அந்த வேப்பமரம், அதுக்கு அடுத்தாப்ல. வேன் நின்ற இடத்தில் நீலத் தகர அடைப்பு இருந்தது.

மாமி இறங்கினார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள வீடுகளைப் பார்த்தார். மறுபடியும் தகரத்தைப் பார்த்தார். இரண்டு தகரங்களுக்கு நடுவில் கையகல இடைவெளி. அதில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் யாரும் பக்கத்தில் போகவில்லை.

“உள்ள இவ்வளவு வெளிச்சமா இருக்கே,” என்றார்.

எதிரே செராக்ஸ் கடை வைத்திருந்த பெண் வெளியே வந்தாள். யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டாள். என் மனைவி விஷயத்தைச் சொன்னாள்.

“ஆனி மாசம் இடிச்சாங்க மாமி. ரெண்டு நாள்ல முடிச்சிட்டாங்க. கடைக்குள்ள ஒரே தூசி,” என்றாள் அந்தப் பெண்.

“சித்திரையில இருந்துதா?” என்று கேட்டார் மாமி.

“இருந்துச்சே. வைகாசியிலகூட இருந்துச்சு. யார் யாரோ வந்து போட்டோ எடுத்துட்டுப் போனாங்க.”

மாமி என் பக்கம் திரும்பவில்லை. வாசல் நிலை என்ன ஆயிற்று என்று கேட்டார். பழைய மரம் வாங்குகிறவர்கள் லாரி கொண்டுவந்து ஏற்றிப் போனார்கள் என்றாள் அந்தப் பெண். எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியவில்லை. தண்ணீர் வேண்டுமா மாமி என்று கேட்டாள். மாமி வேண்டாம் என்றார். பெரிய கோயிலுக்கு நேரமாகிறது என்று முதலில் சொன்னவரும் அவர்தான். எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள். நான் ரங்கா ரங்கா கோபுரத்துக்கு வெளியே, வேனில் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும் வழியில் எல்லோரும் தூங்கியபின் மாமி முன்பக்கமாகச் சாய்ந்து என்னிடம் பேசினார். “என் வீம்புதான் சார். அத்தனை தடவை இந்தப் பக்கம் வந்திருக்கேன். ஒரு நாள் அந்த வீதி வழியாப் போயிருந்தா ஆச்சு. கடைசியில உங்களையும் சிரமப்படுத்திட்டேன்.”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, எல்லாம் ஒரு நாள் போகிறதுதானே மாமி, மனத்தை விட்டுவிடாதீர்கள் என்று. வரலாறு படித்தவனின் ஆறுதல். அவர் ஆமாம் சார் என்று பின்னால் சாய்ந்துகொண்டார்.

மறுநாள் காலையில் என் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள். “ஏங்க, நீங்க நிஜமாவே ஆறுன்னுதான் நினைச்சீங்களா?”

ஆமாம் என்றேன்.

“எப்பத் தெரிஞ்சுது?”

“கரையில.”

அவள் கத்தியை வைத்துவிட்டாள். “அந்தம்மா தன்னையே திட்டிக்கிட்டு இருக்காங்க. போய்ச் சொல்லிடுங்க.”

நான் போகவில்லை. மாமி குடியிருப்பில் எல்லோரிடமும், சார் அவ்வளவு சிரத்தையாகக் கூட்டிக்கொண்டு போனார், எனக்குத்தான் கொடுப்பினை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நவராத்திரிக்கு வந்த பெண்களிடம், யார் மேலேயும் எது மேலேயும் வீம்பு வைக்காதேங்கோ, என்னைப் பாருங்கோ என்று சொன்னாராம். என் மனைவி அதை வந்து சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் ஒவ்வொரு ஞாயிறும் ஆலயத்தில் பாவ அறிக்கை ஜெபத்தை எல்லோரோடும் சேர்ந்து உரக்கச் சொல்லிவிட்டு, எதிர்வீட்டுக் கதவைக் கடந்து என் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தேன்.

பொங்கலன்று மாமி சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தார். மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். நான்தான் கதவைத் திறந்தேன். பாத்திரம் சூடாக இருக்கிறது, துணியோடு பிடியுங்கள் என்றார். வாங்கிக்கொண்டேன். அப்படியே நின்றபடி சொல்லிவிட்டேன். நீங்கள் ஆத்து என்றதை நான் ஆறு என்று எடுத்துக்கொண்டேன், தண்ணீருக்காகத்தான் அத்தனை மாதம் தள்ளிப் போட்டேன், நீங்கள் கேட்ட அன்றைக்கே போயிருந்தால் வீடு இருந்திருக்கும் என்றேன். படித்துறையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அப்போதும் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். உங்கள் வீம்பால் அது போகவில்லை என்றேன்.

மாமி கேட்டார்.

“அப்போ காவேரியைக் காட்டறதுக்கா காத்துண்டிருந்தேள்?”

ஆமாம் என்றேன்.

“நான் சரியாத்தானே சார் சொன்னேன்,” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அதைத் தனக்கே ஒருமுறை சொல்லிப் பார்ப்பது போல இருந்தது. என் கையில் இருந்த பாத்திரத்தைப் பார்த்தார். அதைத் திருப்பித் தர அவசரமில்லை என்றார். தன் கதவைச் சாத்திக்கொண்டார்.

சொன்னால் அவர் மனப்பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். அப்படி நடந்ததாகத் தெரியவில்லை. அதுவரைக்கும் அந்த வீடு அவர் வீம்பினால் போனது. அது அவருடைய வீம்பு, அதோடு அவருக்கு ஒரு உறவு இருந்தது, அதை வைத்துச் சிரிக்கவும் முடிந்தது. இப்போது அது பக்கத்து வீட்டுக்காரன் காது கேளாததால் போனதாகிவிட்டது. அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? ஒரு வாரத்துக்குள் சொல்லியிருந்தால் அவர் என்னைத் திட்டியிருக்கலாம். தை மாதம்வரை என்னைப் புகழவிட்டு விட்டுச் சொன்னேன். திட்டுவதற்கும் வழி வைக்கவில்லை.

அதன்பின் நான் ஊர் காட்டப் போவதில்லை. முதுகுவலி என்று சொல்லியிருக்கிறேன்.

மாமி என்னோடு பேசாமல் இல்லை. லிஃப்டில் பார்த்தால் நலம் கேட்பார். என் மனைவியோடு பழையபடி மதியத்தில் உட்கார்ந்து காய் நறுக்குகிறார். நான் உள்ளறையில் படித்துக்கொண்டிருப்பேன். அவர் பேச்சு எனக்குக் கேட்கும். ஆத்துல யாரும் இல்லை, ஆத்துக்கு வந்து ஒரு வாய் காப்பி சாப்பிடுங்கோ, பிள்ளை ஆத்துக்கு வர நேரமாகும். எல்லாம் முன்போலவே.

போன வாரம் மாடித் தொட்டி நிரம்பாமல் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. அழைப்பு மணி அடித்தது. நான் போய்த் திறந்தேன். மாமி நின்றிருந்தார்.

“சார், எங்க வீட்டுல தண்ணி வரலை,” என்றார். “உங்க வீட்டுல வரதா?”

வீடு என்பதை நிறுத்தி, தெளிவாகச் சொன்னார். வெளியூரிலிருந்து வந்தவனிடம் வழி சொல்வதுபோல. பொங்கலுக்குப் பிறகு என்னிடம் அவர் அப்படித்தான் சொல்கிறார். எங்கள் வீட்டிலும் வரவில்லை மாமி என்றேன். மோட்டார் போடச் சொல்லிக் கீழே இறங்கிப் போனேன்.